காப்பிப் பூசணி

கிஷோர் காலை நடையிலிருந்து திரும்பியபோது அவர் மூக்கு நுனியில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. நிவேதா அடுப்பைத் தணித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார் வீட்டுப் பூசணி?"

"எதிர்வீட்டு லாவண்யா கொடிதான். வேலிக்கு வெளியே தலையை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சும்மா போனவனைக் கூப்பிட்டா நான் என்ன பண்ணட்டும்?"

"நம்ம கொல்லையில இல்லாத பூவா?"

அவர் அசடு வழியச் சிரித்தார். மயிலாடுதுறையில் இதெல்லாம் இப்போது பெரிய குற்றமில்லை. விடிந்த பிறகும் மூக்கு மஞ்சளாகாமல் தெருவில் நடப்பவரைத்தான் நிறுத்தி, உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

எல்லாம் நிவேதா செய்த வேலை. தேனீக்கள் ஒழிந்துபோன பிறகு வீட்டுத் தோட்டங்களில் பூசணியும் பீர்க்கும் பூத்துப் பூத்து உதிர்ந்தன. ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டுபோக ஆளில்லை. அரசாங்கம் குட்டி இயந்திரத் தேனீக்களைப் பறக்கவிட்டது. காக்கைகள் அவற்றைக் கொத்திக்கொண்டு போய்க் கூட்டில் வைத்துக்கொண்டன. தூரிகையால் தொட்டு வையுங்கள் என்று சனங்களிடம் கெஞ்சிப் பார்த்தார்கள். விடியற்காலையில் எழுந்து பூசணிக்குச் சேவகம் பண்ண எவனுக்குத் தலையெழுத்து?

தாவர மரபியல் படித்த நிவேதா வேறு மாதிரி யோசித்தாள். தேனீ ஒன்றும் தர்மத்துக்கு உழைக்கவில்லை. பூ கூப்பிட்டது, போனது. அப்படியானால் மனிதனைக் கூப்பிடுகிற பூவைச் செய்தால் என்ன? பூவின் வாசனையைத் தீர்மானிக்கிற மரபணுவைத் திருத்தி, விடியலில் விரியும் பூசணிப்பூவுக்கு அப்போதுதான் அரைத்த காப்பித்தூளின் வாசனையை ஏற்றினாள். மாலையில் விரியும் பீர்க்கம்பூவுக்கு வெங்காய பஜ்ஜி வாசனை. அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? ஆண்பூவில் நுழைந்த மூக்கு அடுத்த பூவிலும் நுழைந்தது. காய் பிடித்தது. மூக்கு இத்தனை காலம் எதற்காக முகத்தில் துருத்திக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்று விதை அனுமதிக் குழு வருகிறது. அவர்கள் தலையசைத்தால் காப்பிப் பூசணி நாடு முழுவதும் போகும். நிவேதாவின் பாதி ஆயுள் அதற்குள்தான் இருந்தது. "எங்க வீட்டுக் காயிலேயே சாம்பார் வைக்கிறேன், காலைப் பலகாரத்துக்கு வாங்க" என்று அவளே வாயைக் கொடுத்திருந்தாள். பொங்கல் தயார். பருப்பும் வெந்துவிட்டது. காயைத்தான் காணோம்.

கொல்லைப் பந்தலில் இலை தெரியாமல் பூ. பெண்பூ என்றால் அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்தாள். அத்தனையும் நீளக் காம்பு, அத்தனையும் ஆண்பூ.

"ஏங்க, இந்தக் கொடிக்கு விதை எப்போ போட்டோம்?"

"விதை எங்கே போட்டோம்? வாசனை தூக்கலா இருக்கற கொடியில ஒரு துண்டு வெட்டி நட்டோம். அதுக்கு முன்னாடியும் அப்படித்தான். ஊரே அப்படித்தானே பண்ணுது."

நிவேதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வாசனை தூக்கல் ஆண்பூவில்தான். அதனால் ஆண்பூ மலிந்த கொடியாகப் பார்த்துப் பார்த்து, பருவத்துக்குப் பருவம் துண்டு வெட்டி நட்டிருக்கிறார்கள். கொடியும் பார்த்தது. வாசனை காட்டினாலே இவர்கள் வெட்டி நட்டு, தண்ணீர் ஊற்றி, தெருத்தெருவாகப் பரப்புகிறார்கள். அப்புறம் காய் என்ன, விதை என்ன? பெண்பூவையே விட்டுவிட்டது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. குழுத் தலைவி தர்ஷினி கறார் பேர்வழி. அவர் திருப்பி அனுப்பிய பயிர்களை வைத்து ஒரு காடே போடலாம். மறைப்பதில் பயனில்லை என்று நிவேதா முடிவு செய்தாள்.

"மேடம், மன்னிக்கணும். இந்தக் கொடி காய்க்கலை. இனிமேலும் காய்க்காது."

குழுவினர் நால்வரும் பந்தலடியில் ஆளுக்கொரு பூவுக்குள் முகத்தை விட்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்துத் தர்ஷினி நிமிர்ந்தார்.

"என்னமோ சொன்னீங்களே, டாக்டர்?"

"காய்க்காது மேடம். ஒண்ணுகூட."

தர்ஷினி கொஞ்சம் யோசித்தார். "சாம்பார்ல உருளைக்கிழங்கு போடலாமே. அதுக்கு மகரந்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"அப்போ பூசணிக்கு..."

"அனுமதி உண்டு. இதுக்குப் போய் யாராவது இல்லைன்னு சொல்வாங்களா? எனக்கு ஒரு முழம் கொடி வெட்டிக் குடுங்க. வீட்டுல தொட்டி சும்மாதான் கிடக்கு."

மற்ற மூவரும் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். நிவேதா அரிவாளும் கையுமாகத் திகைத்தாள். தேனீக்கு வேண்டியது பூ. காய் பிடித்ததா இல்லையா என்று எந்தத் தேனீயும் திரும்பிப் பார்த்ததில்லை. மனிதர்களைத் தேனீயாக்கத்தானே அவள் பாதி ஆயுளைச் செலவழித்தாள், ஆகிவிட்டார்கள். நாலு துண்டு வெட்டிக் கொடுத்தாள்.

குழு போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். கோபம் கண்ணில் நீராக முட்டியது. "ஒரு சாம்பாருக்கு வழியில்லாத கொடி. வேரோட பிடுங்கிடப் போறேன்."

"பிடுங்கு," என்றார் கிஷோர். "பூ வாடினப்புறம் பிடுங்கேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பந்தலடியிலேயே உட்கார்ந்தாள். வெயில் ஏற ஏறப் பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. அவற்றுக்குப் பின்னால் நாளைக்கு விரிய வேண்டிய மொட்டுகள் திரண்டு நின்றன.

"அதுங்களும் ஒரு தடவை பூத்துக்கட்டும்," என்றாள்.