மூன்றாவது கிறிசாந்தோ

தடுப்பூசி அட்டையில் தகப்பன் பெயர் தவறாக இருந்தது.

குழந்தையின் பெயர் கிறிசாந்தோ காலேகோ III. தாய் ரோவெனா. தகப்பன் என்ற இடத்தில், ஊதா மையில், உருண்டை உருண்டையான எழுத்தில், கிறிசாந்தோ காலேகோ ஜூனியர் என்று எழுதியிருந்தது. நெஸ்டர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தான்.

"நர்ஸம்மா, அப்பா நான். என் பேரு நெஸ்டர்."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க நோங்," என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள் அந்தப் பெண். "பிள்ளை மூணாவதுன்னா அப்பன் ஜூனியராத்தானே இருக்கணும்? கை தானா எழுதிடுச்சு."

ஒரு கோடு போட்டு அடித்தாள். அடித்த கோட்டுக்கு அடியில் பெயர் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது போல் அவனுக்குப் பட்டது.

ஜூனியர் அவனுடைய தம்பி. கடலோடு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

நெஸ்டர் பிறந்தபோது அப்பா சரக்குக் கப்பலில் எங்கோ இருந்தார். அம்மா தன் தகப்பனாரின் பெயரை வைத்துவிட்டாள். மூன்று வருடம் கழித்து இரண்டாவது மகன் பிறந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்தித் தன் பெயரையே கொடுத்தார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் குயிமராஸ் தீவின் அந்தக் கரையில் இரண்டு மகன்களோடு அப்பா நடந்தால், எதிரே வருகிறவர்கள் "ஓகோ, இவன்தான் ஜூனியரா?" என்று சின்னவன் தலையைத்தான் தடவுவார்கள். மீன்கூடை பெரியவன் தலையில் இருக்கும். படகின் மூக்கில் சிவப்பு வர்ணத்தில் அந்தப் பெயரைத்தான் எழுதினார்கள். வலை பின்னும்போதும் சாப்பிடும்போதும் அப்பா "ஜூனியர்" என்று கூப்பிடுவதில், மனிதன் தன்னையே கூப்பிட்டுக்கொள்கிற ஒரு சுகம் இருக்கும். நெஸ்டரைக் கூப்பிடும்போது வேலை இருக்கும்.

ஜூனியர் கெட்டவன் என்றாலாவது மனம் ஆறியிருக்கும். முதல் மீனை அண்ணன் வீட்டில் வைத்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவான். கள் குடித்தால் மட்டும் அண்ணன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரிப்பான். "மனோங், எனக்குப் பையன் பொறந்தா அவன்தான் தேர்ட், மூணாவது. இப்பவே சொல்லிட்டேன். நீங்க முந்திக்கிட்டு வச்சிடாதீங்க!"

கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டான். கவிழ்ந்த படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. கரையில் அப்பா மார்பில் அறைந்துகொண்டு, "என் பேரு போச்சே, என் பேரு போச்சே" என்று கதறினார். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுத நெஸ்டருக்குள்ளே, முப்பது வருடமாய் நின்றுகொண்டே இருந்த எதுவோ ஒன்று மெல்ல உட்கார்ந்து காலை நீட்டியது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் ரோவெனாவுக்குப் பையன் பிறந்தான்.

"அந்தப் பேரு வேண்டாங்க. அது உங்க தம்பி தன் பிள்ளைக்குன்னு வச்சிருந்தது," என்றாள் அவள்.

"அவனுக்குத்தான் பிள்ளையே கிடையாதே," என்றான் நெஸ்டர். சொன்னபோது வாய் இனித்தது.

முனிசிபல் ஆபீசில் பதிவு மேசையில் இருந்த அம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "உங்கப்பா ஒண்ணு. தம்பி ரெண்டு. பிள்ளை மூணு. அப்ப நீங்க எந்த நம்பர், நோங்?" பக்கத்து மேசைகள் சிரித்தன. அவனும் சிரித்தான். "நீங்க எழுதுங்க," என்றான். அன்று சாயங்காலம் அப்பா தன் சாய்வு நாற்காலியிலிருந்து எட்டி அவன் கையைப் பிடித்தார். அப்படிப் பிடித்ததாக அவனுக்கு வேறு ஞாபகம் இல்லை.

தடுப்பூசி போட்டுத் திரும்பிய பிறகுதான் மற்றதெல்லாம் அவன் கண்ணில் படத் தொடங்கியது.

நெஸ்டர் தூக்கினால் குழந்தை விறைத்துக்கொண்டது. அழுதால்கூடப் பரவாயில்லை. அழவில்லை. முதுகை மரக்கட்டைபோல் ஆக்கிக்கொண்டு, யாரோ வந்து வாங்கிக்கொள்வதற்குக் காத்திருப்பதுபோல் வாசலையே பார்த்தது. "அப்படியே ஜூனியர்!" என்றார்கள் அக்கம்பக்கத்தார். காது மடல் அப்படி. கோணலான சுண்டுவிரலும் அப்படி. சித்தப்பன் சாயல் இருக்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்ன பின்னும் உறங்குகிற பிள்ளையின் முகத்தில் தன் மூக்கை, தன் நெற்றியைத் தேடிக்கொண்டே இருந்தான்.

பகல் இரண்டு மணிக்கு, ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், தகரக் கூரை வெயிலில் பொட் பொட்டென்று நெளிந்துகொண்டிருக்க, வெளிக்கொட்டகையில் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, வீட்டுக்குள் மூங்கில் தரை முனகும் சத்தம் கேட்டது. சுவரிலிருந்து ஜன்னல்வரை, ஜன்னலிலிருந்து சுவர்வரை, அவசரமில்லாத, கனமான நடை. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டித் தூங்கவைக்கிறவன் நடை. அதோடு ரோவெனாவின் சிரிப்பு. அடித்தொண்டையில் எழுந்து மூக்கில் முடிகிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவனுக்கு மட்டும் என்று இருந்தது அது.

ஸ்பானரைக் கீழே வைக்காமலே உள்ளே போனான். ரோவெனா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட சிரிச்ச?"

"இது என்ன கேள்வி? நீங்கதானே திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு..." அவன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தாள். ஸ்பானரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

திரையை விலக்கினான். குழந்தை தூளியில் தூங்கியது. தூளி ஆடிக்கொண்டிருந்தது. டீசலும் பாசியும் கலந்த வாடை. நெஸ்டர் பிள்ளையைப் புரட்டினான். சட்டையின் முதுகில் ஈரம். ஐந்து விரலும் விரிந்த, அகலமான ஒரு கையின் ஈரம்.

அப்போதுகூட அவனுக்கு முதலில் வந்தது பயம் அல்ல. *இவன் என்னுடையவன்* என்ற ஆத்திரம்தான்.

"பேரை மாத்திடுங்க," என்று ரோவெனா அழுதாள். "உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

மறுநாள் வானம் கறுத்திருந்தது. புயல் எச்சரிக்கை இரண்டாம் எண் ஏற்றிவிட்டார்கள். ஆபீசை மூடிக்கொண்டிருந்த அதே அம்மாளிடம், "பேரு இருக்கட்டும். அதுக்குப் பின்னாடி இருக்கிற அந்த மூணு கோட்டை மட்டும் அடிச்சுடுங்க," என்று கெஞ்சினான்.

"எழுத்துப் பிழைன்னா நானே திருத்துவேன். இது பேரு, நோங். கோர்ட்டுக்குத்தான் போகணும்." அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆமா, அடிச்சுட்டா மட்டும் என்ன? ஊரே அவனை தேர்ட்னுதானே கூப்பிடுது?"

திரும்பி வருவதற்குள் மழை பிடித்துவிட்டது. நாலரை மணிக்கே இருட்டு. கரண்ட் இல்லை. ரோவெனா புயலுக்கு ஒதுங்கப் பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்கப் பாயோடு போயிருந்தாள்; பிள்ளையைத் தாத்தாவிடம் விட்டிருந்தாள். ஏணிப்படியில் கால் வைத்தபோதே கேட்டது. தரையின் முனகல். சுவர்வரை. ஜன்னல்வரை.

கதவு திறந்திருந்தது.

அப்பா சாய்வு நாற்காலியில், முகமெல்லாம் மலர்ந்து, அறையின் இருண்ட மூலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஜூனியர், காத்து அடிக்குதுடா. பிள்ளை தலையில துணியைப் போட்டுக்கிட்டுப் போ."

"அப்பா, நான் நெஸ்டர்."

"உன்னைச் சொல்லலடா," என்றார் அவர், திரும்பாமலே.

தூளி காலியாகத் தொங்கியது. நெஸ்டர் மூலையைப் பார்த்தான்.

குழந்தை அங்கே இருந்தது. தரையில் அல்ல. ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில். அடியில் எதுவும் இல்லை. கால்கள் இரண்டும் மடங்கி, தொடைக்குக் கீழே யாரோ தாங்கினாற்போல் சதை அமுங்கியிருந்தது. கன்னம் எதன்மீதோ சாய்ந்து தட்டையாகியிருந்தது. ஒரு கை காற்றை வளைத்துப் பிடித்திருந்தது. அதற்குக் கீழே மூங்கில் பட்டைகளில் சொட்டு. சொட்டு. சொட்டு.

முதுகில் தட்டும் சத்தம். ஈரக் கையின் சத்தம்.

"தோத்தோ," என்றான் நெஸ்டர். பையனைக் கொஞ்சிக் கூப்பிடுகிற சொல் அது. "கண்ணு. அப்பாகிட்ட வா."

குழந்தை அசையவில்லை.

வேறு வழி தெரியவில்லை. கைகளை நீட்டினான். அந்தப் பெயரைச் சொன்னான்.

"தேர்ட்."

குழந்தை கண்ணைத் திறந்தது. நீட்டிய கைகளைப் பார்த்தது. அவனை ஏற இறங்கப் பார்த்தது. உதடு பிதுங்கியது. முன்பின் அறியாத ஆளைக் கண்டு மிரண்ட பிள்ளை எப்படித் தன் தகப்பன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளுமோ, அப்படி, அந்த வெறும் காற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

தரை முனகியது. சொட்டுகள் வாசலை நோக்கி நகர்ந்தன.