பதினாறு சூரியன்கள்

கிள்ளானில் ரயில் ஏறியதும் தாரா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தைப் படித்தாள். "ஐயோ!" என்று மூடினாள்.

"என்னா, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற?" என்றார் அம்மா.

"பேய் இல்லம்மா. மொத வாரம் நான் எழுதுன கதை."

ஆறு சனிக்கிழமைகளாக அவள் பிரிக்பீல்ட்ஸில் கதை எழுதும் வகுப்புக்குப் போகிறாள். முதல் வாரத் தலைப்பு 'என் அம்மா'. கடைசி நாளான இன்றும் அதே தலைப்புதான். ஆனால், இன்று வீட்டார் முன்னால் வாசிக்க வேண்டும்.

முதல் வாரம் அவள் இப்படித் தொடங்கியிருந்தாள்: 'ஆதவன் தன் பொற்கரங்களை விரித்தான். அன்னை தன் மலர்க்கரங்களால் என்னைத் தட்டி எழுப்பினார்.'

பள்ளிக் கட்டுரைக்காக மனப்பாடம் செய்த வரி. அன்று வகுப்பில் பதினாறு பேருமே ஆதவனில்தான் தொடங்கினார்கள். கூடப் படிக்கும் அசாருதீனின் கதையில் அவன் அம்மா அடைமழையில் குடை கொண்டு வந்தார். அங்கேயும் ஆதவன்!

தாரா, இன்று வாசிக்க எழுதிய கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். 'அம்மாவின் கை சொரசொரப்பாக இருக்கும். எவ்வளவு கழுவினாலும் மீன் வாடை போகாது.'

இதையா நான் எழுதினேன்? அவளுக்கே வியப்பாக இருந்தது.

அம்மா காப்பார் ஊர்ச் சந்தையான பாசாரில் மீன் விற்பவர். கடையை மூடிவிட்டு, மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவி வந்திருந்தார். இப்போது கையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கைப்பைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

தாரா அதைப் பார்த்துவிட்டாள். எல்லார் முன்னாலும் வாசித்தால் அம்மா கூசிப்போவாரோ?

மலர்க்கரங்களையே வாசித்துவிடலாம். யாருக்கும் வருத்தம் இருக்காது. ஆனால், அது அம்மாவின் கை இல்லையே!

"அம்மா, ஒன்னு படிக்கிறேன். நீங்க வேணாம்னா வாசிக்க மாட்டேன்."

மெதுவாகப் படித்தாள். சொரசொரப்பு, வாடை, எல்லாம். பிறகு இதையும்: 'அம்மா கண்ணை மூடிக்கொண்டு மீனைத் தொடுவார். இன்று பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா என்று சொல்லிவிடுவார். அதே கையால் என் நெற்றியைத் தொட்டு, காய்ச்சல் எவ்வளவு என்பார். தெர்மாமீட்டரும் அதையேதான் சொல்லும்.'

அம்மா மெல்லக் கையை வெளியே எடுத்தார். யாரோ புதிதாகக் கொடுத்த பொருளைப் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை நாளா இதையெல்லாமா பாத்துக்கிட்டு இருந்த?"

"எழுத உக்காந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சும்மா."

"ஆனா ஒன்னை விட்டுட்ட."

தாரா அவசரமாகப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள்.

அம்மா கட்டைவிரலை நீட்டினார். அதில் ஒரு தழும்பு. "கெளுத்தி முள்ளு குத்துனது. கையெல்லாம் ரத்தம். அன்னிக்கும் கடையை மூடல லா! அதையும் சேத்துக்க."

வகுப்பில் தாராவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

'காப்பார் பாசாருக்குச் சூரியன் வருவதற்கு முன்பே என் அம்மா வந்துவிடுவார்...'

வாசித்து முடித்து நிமிர்ந்தாள். கடைசி வரிசையில் அசாருதீனின் அம்மாவிடம், தாராவின் அம்மா தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.