நாலு மணிக்கு எழுந்து போகும் நிழல்

பனிமலரின் நிழல் தினமும் நாலு மணிக்கு வேலையைப் போட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறது என்று அலைவாய் சரக்கு நிறுவனத்திலிருந்து புகார் வந்தது. தொலைபேசியில் பேசியவர் கொஞ்சம் சூடாகவே பேசினார். பத்து வருஷமாக அந்த அலுவலகத்துப் படியேறாத பனிமலர் மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு, "நான் இங்கன வீட்டுலதான இருக்கேன், சார்?" என்றாள்.

"நீங்க இருக்கீங்கம்மா. உங்க நிழல்தான் இருக்க மாட்டேங்குது. நேர்ல வாங்க."

தூத்துக்குடியில் மேசை வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது நிழல் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு படியெடுப்பானை ஒட்டிக்கொண்டு இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டும். ஆள் எதை முதலில் எடுக்கிறார், எதைத் தள்ளிப்போடுகிறார், எங்கே தயங்குகிறார் என்பதையெல்லாம் அது படியெடுத்துக்கொள்ளும். பிறகு ஆள் வீட்டுக்குப் போய்விடலாம். அந்தப் படி நிறுவனத்துக் கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு அவரைப் போலவே முடிவெடுக்கும். நிழல் உழைக்கும்வரை ஆளுக்கு மாதாமாதம் நிழலூதியம். இயந்திரம் வந்து வேலையைப் பிடுங்கிவிடும் என்று ஒரு காலத்தில் பயந்த ஜனங்கள், தாங்களே இயந்திரமாகி உள்ளே போனதும் நிம்மதியாக மதியத் தூக்கம் போட ஆரம்பித்தார்கள்.

அலுவலகத்தில் புது மேலாளர் திரவியம் இருந்தார். நிழல்களைப் பராமரிக்கும் ஆத்தியப்பன் இருந்தான். மற்றபடி நாற்காலிகள்தாம்.

"பாருங்கக்கா" என்று ஆத்தியப்பன் திரையைக் காட்டினான். எந்தப் பெட்டகம் எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று அவள் நிழல் மளமளவென்று முடிவு செய்துகொண்டிருந்தது. நாலு மணி ஆனதும் எல்லாம் அப்படியே நின்றது. கிரேன் நின்றது, லாரிகள் நின்றன.

"பழைய மேலாளர் டீ நேரம்னு விட்டுட்டாரு" என்றார் திரவியம். "இப்ப கப்பல் ஜாஸ்தி. எனக்குக் கட்டுப்படியாகாது."

பனிமலருக்கு உடனே விளங்கிவிட்டது. "அது பள்ளிக்கூடம் விடுத நேரம், சார். அப்போ எம்பிள்ள நாலாங்கிளாஸ். பர்மிஷன் போட்டுட்டு ஸ்கூட்டர்ல போயி, அவளக் கூட்டியாந்து பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஓடி வருவேன்."

கணவன் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான் என்பதை அவள் சொல்லவில்லை. அவள் மட்டும் ஏன் ஓடினாள் என்பதற்கு அதுதான் காரணம்.

"பிள்ளைய ஒழுங்கா கூட்டியாந்துருதா, தம்பி?"

ஆத்தியப்பன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டான். "உள்ள பிள்ள ஏதுக்கா? போகணும்னு மட்டும் அதுக்குத் தெரியும். போயி, சும்மா நின்னுட்டுத் திரும்பி வந்துருது."

நிழலிலிருந்து எதை எடுப்பதானாலும் ஆளின் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். பனிமலர் சம்மதித்தாள். மகள் ஜெனோவா படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். இன்னும் யாரைப் போய்க் கூட்டிவர? "எடுத்துருங்க, சார்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறியவளுக்கு அழுகை வந்தது. பத்து வருஷமாகப் பிள்ளையே இல்லாத வாசலுக்குத் தினமும் போய் நின்ற அந்த இன்னொருத்திக்காக அழுதாள்.

தனக்காகவும்தான். நிழல் தயாராகி அவள் வீட்டோடு வந்த வருஷம் ஜெனோவாவுக்கு ஆறாம் வகுப்பு, வேறு பள்ளிக்கூடம். முதல் நாளே தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு, இனி ஒரு நாளும் தாமதமில்லை என்று கிளம்பி நின்றாள் பனிமலர். "நீ ஒண்ணும் வரண்டாம்மா. எல்லாரும் வேன்லதான் வாராளுவ" என்று சொல்லிவிட்டாள் மகள். நேரம் கைநிறையக் கிடைத்தது, கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

பிள்ளையை எடுத்த பிறகு நிழல் நாலு மணிக்கு எங்கேயும் போகவில்லை. திரவியம் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார். மூன்றாம் நாள் ஒரு பெட்டகம் வெங்காயம் அழுகிவிட்டது. வாசலில் லாரிக்காரர்கள் பொழுது சாய்ந்தும் நின்று ஏசினார்கள். நிழல் பழுதாகவில்லை, எல்லா வேலையும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் எதற்கும் அவசரப்படவில்லை. அழுகுவதும் அழுகாததும் அதற்கு ஒன்றாகிவிட்டன.

ஆத்தியப்பன் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தான். நாலு மணிக்குள் எதை முடித்தே ஆக வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்ற ஒரே கணக்கில்தான் பனிமலர் வேலை பார்த்திருந்தாள். காத்துக் கிடக்கும் லாரிக்காரனை முதலில் அனுப்பியதும் அதனால்தான். தனக்காக ஒரு ஆள் காத்துக் கிடப்பது எப்படியிருக்கும் என்று ஒவ்வொரு மணி நேரமும் அவளுக்கு நினைப்பு இருந்தது.

"பிள்ளைய எடுத்தோம், சார். கூடவே கெட்டிக்காரத்தனமும் கழண்டு வந்துட்டு" என்றான் மேலாளரிடம்.

பிள்ளையைத் திரும்ப வைத்தார்கள். வெங்காயம் பிழைத்தது. திரவியம் சும்மா இருக்கும் ஆளில்லை. மற்ற நிழல்கள் சுமாராக வேலை செய்வதற்கு அவற்றுக்குப் பிள்ளை இல்லாததுதான் காரணம் என்றால், கொடுத்துவிட்டால் போகிறது. பனிமலரின் நாலு மணியை நிறுவனத்து நிழல்கள் முந்நூற்றுக்கும் படியெடுத்து ஒட்டச் சொன்னார். கல்யாணமே ஆகாத கணக்கரின் நிழலும், பேரன் எடுத்த சுங்க ஆலோசகரின் நிழலும் நாலு மணியானால் நான்காம் வகுப்புப் படிக்கும் ஜெனோவாவைக் கூட்டிவரப் புறப்பட்டன. துறைமுகம் அந்நேரத்துக்குத் தினமும் ஓய்ந்து கிடந்தது. லாரிக்காரர்கள் வடையும் டீயுமாக உட்கார்ந்தார்கள். மற்ற நேரமெல்லாம் வேலை பறந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

விஷயம் பரவியது. புதிதாக ஆளெடுக்கும் நிறுவனங்கள் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "வீட்ல உங்களுக்காக யார் காத்திருக்காங்க?" என்று கேட்க ஆரம்பித்தன. அதே அலைவாய் நிறுவனத்தில் ஜெனோவாவிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது.

"எங்கம்மா" என்றாள். வேலை கிடைத்தது. காதுக்குப் பின்னால் படியெடுப்பானும் ஏறியது.

அன்றிலிருந்து ஜெனோவா சாயங்காலமானால் ஓடி வந்தாள். அதற்கு முன்பெல்லாம் எப்போது வந்தாள், எப்போது அறைக் கதவைச் சாத்தினாள் என்று தெரியாது. இப்போது தெருமுனையிலேயே "அம்மா!" என்ற குரல் கேட்டது. கையில் மக்ரூன் பொட்டலம். பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசினாள். பனிமலருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் மகள் தலையைத் திருப்பும்போதெல்லாம் காதுக்குப் பின்னால் அந்தப் புளியங்கொட்டை பச்சையாக மினுங்கியது. இவள் ஓடி வருவது எனக்காகவா, அதற்காகவா? கேட்டுவிட்டால் ஓட்டம் நின்றுவிடுமோ என்று இரண்டு வருஷமும் அவள் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் முடிந்து, படியெடுப்பானைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜெனோவா வீட்டோடு வந்துவிட்டாள். நிழல் வேலையில் ஏறிய கொஞ்ச நாளில் ஆத்தியப்பன் வீட்டுக்கே வந்தான். பனிமலர் கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"நடிப்பு அதுல ஒட்டாது, ஜெனோ. மனசுல உள்ளதுதான் படியும். சாயங்காலம் நீ ஓடி வந்தது படியவே இல்ல."

ஜெனோவா தலையைக் குனிந்துகொண்டாள். பனிமலர் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு நாள் கேட்காமல் விட்ட கேள்விக்கு, கேட்காமலே பதில் வந்துவிட்டது.

"ஆனா வேற ஒண்ணு படிஞ்சிருக்கு" என்றான் ஆத்தியப்பன். "நாலு மணிக்கு எல்லா நிழலும் வெளிய போகுதுல்லா? இவ நிழல் போகல. வேலைய ஒதுக்கி வச்சிட்டு, யாராவது வந்திருக்காவளான்னு வாசல் கேமராவத் திறந்து திறந்து பாக்குது. இவளுக்கு நாங்க உங்க நாலு மணிய ஒட்டவே இல்லக்கா. அது இவளோடது."

அவன் போன பிறகு பனிமலர் காப்பி டம்ளரை எடுத்துக் கழுவினாள். ஜெனோவாதான் ஆரம்பித்தாள்.

"ஓடி வந்தது வேலைக்காகத்தாம்மா."

"தெரியும், பிள்ள."

"பள்ளிக்கூட வாட்ச்மேன் போன்ல 'ரெண்டு நிமிசத்துல வாரேன்'னு சொல்லுவியே, ஞாபகம் இருக்கா? எல்லாப் பிள்ளைகளும் போயிரும். நான் அந்த பாதாம் மரத்தடியில நிப்பேன். அப்பா மாதிரி நீயும் வராமப் போயிருவியோன்னு தினமும் நெனப்பேன். ஒருநாள்கூட நீ வராம இருந்ததில்ல. இருந்தாலும் தினமும் நெனப்பேன்."

"அப்பொறம் நான் வாரேன்னு கெளம்பி நின்னப்போ வேண்டான்னியேட்டி?"

"இன்னொரு வாசல்ல நிக்க எனக்கு முடியல."

பனிமலர் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இருபத்து மூன்று வயதுப் பெண் மடியில் அடங்கவில்லை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இதற்குள் அலுவலகத்தில் திரவியத்துக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. முந்நூறு நிழல்கள் ஒரு பிள்ளையைத் தேடிப் போகின்றன. பிள்ளை இல்லாததால்தானே நின்றுவிட்டுத் திரும்ப நேரமாகிறது? இப்போதுதான் பிள்ளை உள்ளேயே வந்துவிட்டதே. வழியைத் திறந்துவிட்டால் போனதும் பார்த்து, கூட்டிக்கொண்டு உடனே திரும்பிவிடும். அத்தனை நேரமும் மிச்சம்.

"அதத் தொட வேண்டாம், சார்" என்றான் ஆத்தியப்பன்.

"என்னப்பா, தாயும் பிள்ளையும் சேர்றது நல்ல காரியம்தானே?"

மறுநாள் நாலு மணிக்கு வழியைத் திறந்தார்கள். நிழல்கள் புறப்பட்டன. இந்தப் பக்கம் ஜெனோவாவின் நிழல் வாசல் கேமராவைத் திறந்து பார்த்தது, மூடவில்லை. அவ்வளவுதான். வடை தின்றவர்கள் கைகழுவி வந்து லாரியில் உட்கார்ந்தார்கள். நாலரை ஆனது, ஐந்து ஆனது, ஒரு நிழலும் வேலைக்குத் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. கிரேன்கள் தூக்கிய பெட்டகத்தைத் தூக்கியபடியே நின்றன.

"என்னடா பழுது?" என்று திரவியம் கத்தினார்.

"பழுது ஒண்ணுமில்ல, சார். ஓடுனது எதுக்கோ, அது கிடைச்சிட்டு. இனிமே என்னத்துக்கு ஓடணும்?"

நிழல்களை அழித்துப் புதிதாகப் படியெடுக்கலாம். அதற்கு இரண்டு வருஷம் ஆகும். அழிக்க ஆட்களின் சம்மதமும் வேண்டும். திரவியம் முதலில் பனிமலரைத்தான் கூப்பிட்டார். அந்தத் தடவை அவள் சம்மதிக்கவில்லை.

"எப்பதாம்மா திரும்பி வரும்?" கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"நாலாங்கிளாஸ் பிள்ள, சார். பள்ளிக்கூடத்துல நடந்தத எல்லாம் சொல்லி முடிக்கணும்லா? நேரமாகும். கெடக்கட்டும், விடுங்க. அதுவரைக்கும் நாங்க வந்து பாத்துக்கிடுதோம்."

அப்படித்தான் அலைவாய் நிறுவனத்தில் நாற்காலிகளைத் தூசி தட்டினார்கள். மதியத் தூக்கம் பழகிப்போன முந்நூறு பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே நிழல்கள் சும்மா இருந்தன, வெளியே ஆட்கள் வேலை பார்த்தார்கள்.

பனிமலரும் ஜெனோவாவும் அடுத்தடுத்த மேசை. பனிமலருக்குக் கை மறக்கவில்லை. முதல் நாளே நாலு மணிக்குள் தன் கப்பல்களை அனுப்பிவிட்டு எழுந்து பையை எடுத்தாள். ஜெனோவா முன்னால் இன்னும் ஏழெட்டுப் பெட்டகங்கள் கிடந்தன.

"நீ கேட்டுக்குப் போம்மா. ரெண்டு நிமிசத்துல வாரேன்."

பனிமலர் துறைமுக வாசலில் போய் நின்றாள். உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். காவலாளி ஸ்டூலைத் தள்ளிப்போட்டு உட்காரச் சொன்னார், அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. வருபவர்களின் முகத்தையெல்லாம் பார்த்தாள். மகள் உள்ளேதான் இருக்கிறாள் என்று நன்றாகத் தெரியும். இருந்தும் எட்டி எட்டிப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் என்பது இவ்வளவு நீளம் என்று இத்தனை வயதுக்கு அப்புறம் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

கடைசியில் ஜெனோவா வந்தாள். தோள்பை இடுப்பில் அடிக்க, கூந்தல் காற்றில் கலைய ஓடி வந்தாள். காதுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

"என்னத்துக்குட்டி இப்படி ஓடி வார? விழுந்து வைக்கப் போற."

"நீ நிக்கியேன்னுதான்" என்றாள் ஜெனோவா, மூச்சு வாங்கியபடி.