ஆயிரம் மணி நேர நெருக்கம்

கைபேசிகள் இப்போது அனுமதி கேட்பதில்லை. முன்பு இரண்டு திரைகளிலும் ஆறு இலக்கங்கள் தோன்றும். ஒப்பிட்டுப் பார்த்து 'ஆம்' என்று அழுத்த வேண்டும். யாரும் ஒப்பிடவில்லை. எல்லோரும் அழுத்தினார்கள். அதனால் நெருக்க இணைவு வந்தது. கையெட்டும் தூரத்தில் ஆயிரம் மணி நேரம் இருந்துவிட்ட இரண்டு கைபேசிகள் தாமாகவே ஒன்றையொன்று நம்பிக்கொள்ளும். அதன்பின் கணவன் வந்தால் கதவு திறக்கும். தோழி கேட்கும் பாட்டு நம் காதிலும் ஒலிக்கும்.

கோவையில் ஒரு சோதனைக்கூடத்தில் செண்பகவல்லி அதில் ஓட்டை கண்டுபிடித்தாள். நம்பிக்கை பெற்ற கைபேசி தன்னை ஒரு விசைப்பலகை என்று அறிவித்துக்கொண்டால் போதும், மற்றது தன்னிடம் உள்ள அனைத்தையும் திறந்துவிடும். உரியவருக்குத் தெரியவே தெரியாது.

ஏழு மாத உழைப்பு. அறிக்கையைத் தன் கைபேசியிலேயே எழுதினாள். ஆராய்ச்சிக்குத் தேவை என்பதால் இணைவை அணைக்கவில்லை. பக்கத்து இருக்கையில் ரூபன். மூன்று வருடமாக அவள் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவனுக்கு. ஓட்டையைப் பற்றி அவள் முதலில் சொன்னதும் அவனிடம்தான்.

"என்ன செண்பகம், மூஞ்சி பூரிச்சுக் கிடக்கு. முடிஞ்சுதா?"

"இன்னும் நாலு பக்கம்."

"முடி, முடி. அப்பவாவது நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்கறியான்னு பாக்கறேன்."

திங்கட்கிழமை சோதனைக்கூடத்தின் பாதுகாப்புக் குழு கூடியது. வாயைத் திறந்தது ரூபன். திரையில் அவள் எழுதிய வரிகள். அவள் தவறாகப் போட்டிருந்த படத்தின் எண்கூட அப்படியே இருந்தது.

குழுத் தலைவி வஹிதா கேட்டார்: "இதை யாராவது நிஜமாவே பயன்படுத்தியிருக்காங்களா? இல்லைன்னா இந்த வருஷம் சரிசெய்ய முடியாது. நானூறு ஓட்டை வரிசையில நிக்குது."

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லைங்க மேடம்," என்றான் ரூபன், செண்பகவல்லியைப் பார்க்காமல்.

அவன் கைபேசி அவளுடையதையும் நம்பியது. அவள் தன் கைபேசியை விசைப்பலகை என்று அறிவித்தாள். அவனுடையது திறந்தது. அதில் இருந்ததைச் சுவர்த்திரைக்கு அனுப்பினாள். அவளுடைய அறிக்கை. நகலெடுத்த நேரம் வெள்ளிக்கிழமை பகல் ஒன்று பத்து. சாப்பிட்டுவிட்டு அவள் கை கழுவப் போயிருந்த நேரம்.

"இது என்னோடதுங்க மேடம்," என்றாள். "அவர் எடுத்திருக்கார்."

ரூபன் எழுந்தான். "என் போனுக்குள்ள வந்தியா? உன்னை நம்பித்தானே பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்." அவன் குரல் உண்மையாகவே உடைந்திருந்தது.

வஹிதா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க உள்ள போக முடியும்னா, இதை நீங்களே அங்க வச்சிருக்கலாம். நேரத்தையும் மாத்தியிருக்கலாம். இல்லையாம்மா?"

"ஏழு மாசத்து வரைவும் என் போன்ல இருக்குங்க மேடம்."

"எந்தப் போன்ல இருக்கறதும் இப்ப சாட்சி இல்லம்மா."

அது சரிதான். அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் அவளே அதை நிரூபித்திருந்தாள்.

ஓட்டையை உடனே அடைக்க உத்தரவானது. பதிவேட்டில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ரூபனின் பெயர் ஏறியது. அத்துமீறியவர் என்ற இடத்தில், குழுவின் கண்முன் நடந்த ஒரே சம்பவத்துக்கு உரியவளாக, செண்பகவல்லியின் பெயர்.

"இனிஷியல் என்னங்க?" என்று கேட்டார் எழுத்தர்.

"பா," என்றாள்.