அக்காவின் குதிர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. குளிர்கிறவர்கள் போர்த்திக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு பேய்க்கதை சொல்கிறேன். இது இருட்டில் நடந்ததில்லை. பொங்கலன்று, பட்டப்பகல் வெயிலில் நடந்தது. பயந்தால் பரவாயில்லை. யாரைக் கண்டு பயப்படுவது என்பதை மட்டும் கதை முடிந்ததும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக்லாந்தில், கிளென் ஈடன் என்கிற பகுதியில், அந்த வீட்டு வாசலில் வித்தியா காரை நிறுத்தியபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. வித்தியா யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோயிலில் பழக்கமான சுந்தரி, பொங்கல் வைப்பதற்கு முன்னாலேயே வந்து கூடமாட உதவி செய் என்று கூப்பிட்டிருந்தாள். இந்த ஊரில் தை மாதம் கோடையில் அல்லவா வருகிறது? மரமெல்லாம் சிள்வண்டு கத்திக்கொண்டிருந்தது.

கராஜ் கதவு முழங்கால் உயரத்துக்குத்தான் தூக்கியிருந்தது. அந்த இடைவெளியில் இரண்டு வெறுங்கால்கள் நின்றன. கணுக்காலிலிருந்து மேலே பச்சை குத்தியிருந்தது, கோலப் புள்ளி மாதிரி வரிசை வரிசையாக. பாதங்களில் ஈரக் களிமண்.

சிள்வண்டுச் சத்தம் நின்றது.

"பிஷ்னி, நீரோ?"

கால்கள் அசையவில்லை.

"மேடம்," என்றது ஒரு குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து.

பிஷ்னி வாளியோடு வீட்டின் பக்கவாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பேண்ட் போட்டிருந்தாள். வித்தியா திரும்பிப் பார்த்தாள். கதவுக்குக் கீழே யாரும் இல்லை. சிமெண்ட் தரையில் ஈரமண் மட்டும் இருந்தது.

பிஷ்னி யாரென்று சொல்கிறேன். நேபாளத்தின் தெற்கே, மலை இறங்கிச் சமவெளியாகிற இடத்தில் தராய்க் காடு. அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்கள் தாரு மக்கள். மலேரியாவுக்குப் பயந்து மற்றவர்கள் உள்ளே வரவில்லை. பிறகு கொசுவுக்கு மருந்தடித்தார்கள். காய்ச்சல் போனது, ஆட்கள் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் நிலத்தைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். சொந்த மண்ணிலேயே தாரு பண்ணையாள் ஆனான். அதுவும் போதவில்லை. நாம் பொங்கல் வைக்கிற நாள்தான் அவர்களுக்கு மாகி, புது வருஷம். அன்றைக்குத்தான் ஏழைத் தாரு வீட்டுப் பெண்பிள்ளைகளை முதலாளி வீட்டு வேலைக்குப் பேசி முடிப்பார்கள். கம்லரி என்று அதற்கு ஒரு பெயர் வேறு. பல் விழுந்து முளைக்கிற வயசு, கண்ணுகளா. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

சட்டம் வந்து அதை ஒழித்தது. பிஷ்னி வீடு திரும்பினாள். தாரு வழக்கப்படி காலில் பச்சை குத்தியிருந்த அக்கா புதனி திரும்பவில்லை. முதலாளி வீட்டிலேயே செத்துப்போனாள். எப்படி என்று சொல்லவில்லை, உடம்பையும் தரவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? காட்மாண்டுவில் வேலை பார்த்த சுந்தரியின் புருஷன் குமாரசாமி, பிஷ்னியை வீட்டு வேலைக்கு வைத்தார். ஆக்லாந்துக்கு மாறும்போது உறவுக்காரப் பெண் என்று விசிட்டர் விசாவில் கூட்டி வந்தார். விசா முடிந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிச் சுந்தரி பீரோவில் பூட்டினாள். வெளியே கால் வைத்தால் போலீஸ் பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே வைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. படுக்கை கராஜில், காருக்குப் பக்கத்தில். படித்தவர்கள். கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள். வேறு யாரோ இல்லை, நம் ஆட்கள்.

வாழையிலை எடுக்கிற சாக்கில் வித்தியா பிஷ்னியோடு கராஜுக்குள் போனாள். ஈரமண் வாடை. அதற்கு அடியில் உமி கருகிய வாடை. மெத்தையின் தலைமாட்டில், இடுப்பு உயரத்தில் ஒரு மண் குதிர் நின்றது. தோட்டத்து மஞ்சள் களிமண்ணில் புல்லைக் கலந்து குழைத்து, பிஷ்னி தன் கையால் எழுப்பியது. தாரு வீடுகளில் தானியத்துக்கு இப்படித்தான் குதிர் கட்டுவார்கள். அடியில் இருந்த ஓட்டையைத் துணி சுருட்டி அடைத்திருந்தாள்.

உள்ளே என்ன என்று வித்தியா கேட்டாள். அரிசி என்றாள். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தன் பங்கு அரிசியை அக்காவுக்குப் போடுகிறாளாம்.

"அக்கா எங்க இருக்கிறா?"

பிஷ்னி குதிரைத் தடவினாள். அது சூடாக இருக்கிறது என்று சைகையில் காட்டினாள். வித்தியா தொட்டுப் பார்க்கவில்லை.

பிஷ்னிக்கு அந்த வீட்டில் காதில் விழுந்த தமிழ் மட்டும்தான் தெரியும். அந்தத் தமிழிலேயே கேட்டாள்.

"மேடம். பாஸ்போர்ட் எடு. நான் போ."

கேட்டீர்களா, கண்ணுகளா? நம் மொழியில் அவளுக்கு நாம் கற்றுக்கொடுத்தது ஏவல் மட்டும்தான்.

வித்தியா பதில் சொல்வதற்குள் சுந்தரி பட்டுப்புடவை சரசரக்க வந்து நின்றாள். வீட்டுப் பச்சரிசியில் வண்டாம். விருந்தாளிகள் வருகிற நேரமாம்.

"இவ சேர்த்து வச்சிருக்காளே, எங்க அரிசி. இது போதும். தள்ளுடி."

பிஷ்னி குதிரைக் கட்டிக்கொண்டாள். தெரிந்த சொற்களைப் பொறுக்கிச் சேர்த்து அவள் சொன்னது இதுதான்: இன்று மாகி. முதலாளி வீட்டில் மாகி அன்று ஒரு பிடி அரிசி கொடுப்பார்கள். அதைக் கையில் வாங்கியவள் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டு வேலைக்காரி. அவளும் வாங்கினாள், அக்காவும் வாங்கினாள்.

"அம்மா, வாங்காதே."

"எங்கிட்டயே கதை விடுறியா?" என்று சிரித்த சுந்தரி, குனிந்து துணியைப் பிடுங்கினாள்.

அரிசி கொட்டவில்லை.

சுந்தரி கையை உள்ளே விட்டாள். வளையல்கள் ஓட்டையில் உரசி நின்றன. முழங்கை வரை போன கை அப்படியே நின்றுவிட்டது.

சிள்வண்டுச் சத்தம் மறுபடி நின்றது.

சுந்தரியின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"வித்தியா," என்றாள், காற்றாய். "உள்ளே யாரோ... என் கையில அரிசி வைக்கிறாங்க."

"கையை எடுங்கோ."

"விரலை மடக்கி மூடுறாங்க."

கை வெளியே வந்தபோது களிமண் அப்பிய விரல்களுக்குள் ஒரு பிடி அரிசி இருந்தது. அவள் யாரையும் பார்க்காமல் போனாள். பின்பக்க மரத்தளத்தில் கொதித்துக்கொண்டிருந்த பானையில் போட்டாள். பால் பொங்கி வழிந்தது. குமாரசாமி மட்டும் பொங்கலோ பொங்கல் என்றார். சுந்தரி மூலையிலிருந்த பழந்துணியை எடுத்து, பட்டுப்புடவையோடு முட்டி போட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

துடைத்த இடத்தையே துடைத்தாள்.

குமாரசாமி முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார். அவள் நிமிரவில்லை. வித்தியாவுக்குப் பயத்துக்கு மேலே கோபம் ஏறி நின்றது.

"பிஷ்னியின்ர பாஸ்போர்ட்டைத் தாங்கோ," என்றாள்.

"அவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"ஓம், வீட்டுப் பெட்டைதான். கராஜுக்க படுக்கிற வீட்டுப் பெட்டை. உங்கட மகளையும் அங்க படுக்க வைப்பீங்களோ? தராட்டி இப்பவே போலீசோட கதைக்கிறன்."

"கூப்பிடுங்க. விசா முடிஞ்சவ யாருன்னு முதல்ல கேப்பாங்க."

அப்போது கராஜிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எடு."

அது சுந்தரியின் குரல். அவள் தினமும் அதட்டுகிற அதே தோரணை. ஆனால் சுந்தரி அவர்கள் காலடியில், வாய் மூடித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம்."

சுந்தரி எழுந்தாள். பீரோவைத் திறந்தாள். பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து, தலை குனிந்து இரண்டு கையாலும் பிஷ்னியிடம் நீட்டினாள்.

கார் கிளம்பியபோது பிஷ்னி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கராஜ் கதவு முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள். வித்தியா என்னவென்று கேட்கவில்லை. அக்காவைக் கூட வரச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அக்கா வரவில்லை. அவளுக்கு அங்கே வேலை இருந்தது.

பிஷ்னி இப்போது புக்கெகோஹி என்கிற ஊரில் காய்கறி பேக்கிங் செய்கிறாள். ஒரு வக்கீலம்மா நின்று பேசி, வேலை செய்ய விசா வாங்கிக் கொடுத்தார். சொந்த அறை, சொந்தச் சாவி. எதிரே பேசுகிறவர்களிடம் "வாங்க, உட்காருங்க" என்று சொல்லப் பழகியிருக்கிறாள்.

அந்த வீட்டில் குதிரை உடைக்க வந்த ஆள், கராஜ் கதவுக்குக் கீழே எதையோ பார்த்துவிட்டு, சுத்தியலைக்கூட எடுக்காமல் போய்விட்டான். சுந்தரி விடிவதற்கு முன்னாலேயே எழுந்து துடைக்கிறாள். மருந்து, டாக்டர், பரிகாரம், எதுவும் பலிக்கவில்லை. பிஷ்னி சொன்னபடி ஒரு வருஷம்தானே, மாகி வந்தால் விட்டுவிடும் என்று குமாரசாமி நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்தத் தையில் அவர் வித்தியாவுக்குப் போன் செய்து அழுதார். பொங்கலன்று காலை கராஜுக்குப் போனாராம். குதிரின் அடியில் அவர் மறுபடி அடைத்துவைத்த துணி தரையில் கிடந்ததாம். அருகே சுந்தரி உட்கார்ந்திருந்தாள். புடவை விலகிய கால்களில், கணுக்காலிலிருந்து மேலே, பச்சைப் புள்ளிகள் வரிசை வரிசையாக.

வலது கை மூடியிருந்தது.

விரல்களைப் பிரித்துப் பார்த்தார். புது அரிசி, ஒரு பிடி.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பானை எப்போதும் பொங்கட்டும். அதைக் கிளறுகிற கை எவருடையதானாலும் உங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணட்டும். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் தாங்களே கதவைத் திறந்து போகட்டும், தாங்களே திறந்து வரட்டும். உங்கள் வீட்டில் ஒருத்தியின் பங்கும் குறையாதிருக்கட்டும். நன்றாக இருங்கள்.