கூரை இல்லாத பந்தி

பந்தியில் அப்பாவைக் காணவில்லை.

இலை இருந்தது. சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது, பக்கத்தில் அப்பளம், தண்ணீர் டம்ளர். ஆள் மட்டும் இல்லை. ராஜமேரி கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டாள். தன் கல்யாண வீடியோவை அவள் பார்ப்பதே அப்பா சவுரியப்பனுக்காகத்தான். போன தவக்காலத்தில் நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்த மனுஷன், இந்த ஒரு இடத்தில்தான் இன்னும் உயிரோடு இருந்தார். வீடியோக்காரர் பந்தி நெடுக லைட்டைப் பிடித்துக்கொண்டு வருவார், லைட் பட்டவர்கள் வாயில் சோற்றோடு ஒவ்வொருவராக நிமிர்வார்கள், அப்பாவும் வெட்கத்தோடு நிமிர்ந்து சிரிப்பார். இப்போது லைட் வந்தது, காலி இடத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது, அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

"டேப்பு தேஞ்சிருக்கும் புள்ள, தெனம் போட்டா தேயாதா?" என்றான் சவரிமுத்து. அவள் புருஷன், பாப்பாரப்பட்டியில் வீடியோ கடை வைத்திருந்தான், விசேஷ வீடுகளுக்கு டிவியும் கேசட் போடுகிற டெக்கும் வாடகைக்கு விடுவான்.

"தேஞ்சா எலையும்தானுங்களே தேயணும்?"

சிரித்து மழுப்பிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

அந்தக் கேசட்டே ஒரு சிக்கனத்தின் வினை. கடைக்குப் பெங்களூரிலிருந்து மூட்டையாக வந்த கேசட்டுகளில் ஒரு இங்கிலீஷ் காமெடிப் படம் சீண்டுவாரில்லாமல் கிடந்தது. மேலே எதையும் ஏற்ற முடியாதபடி கேசட்டின் முதுகில் உடைத்திருந்த ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டி, அந்தப் படத்தின் மேலேயே கல்யாணத்தை ஏற்றிவிட்டான் சவரிமுத்து. புதுக் கேசட் எதற்கு, தண்டம் என்றான். அதனால் கல்யாணம் முடிந்ததும் படத்தின் மிச்சம் வரும். கூரை பிய்ந்துபோன பங்களா, உள்ளே கொட்டுகிற மழை, நீள மேஜையில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக வெள்ளைக்காரர்கள். சூப்பில் மழைத்தண்ணீர் நிரம்ப நிரம்பக் குடிப்பார்கள். சுவர் இடிந்து விழும், உப்பு டப்பாவை மரியாதையாக நகர்த்திக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் ஹோவென்று சிரிக்கும்.

"நாடெல்லாம் போயும் பவிசு போகலன்னு அவனுங்களே அவனுங்கள நக்கல் பண்றானுங்க!" என்று சவரிமுத்து விழுந்து விழுந்து சிரிப்பான். அவளுக்கு அந்தக் கூட்டத்தின் சிரிப்பு ஆகவே ஆகாது. எப்போதும் அதற்குள் நிறுத்திவிடுவாள்.

அன்றைக்கு நிறுத்தவில்லை. மேஜையின் கோடியில், வெள்ளை வேட்டி தொடையோடு ஒட்டிக் கிடக்க, அப்பா உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் வீடியோவின் பந்தியில் புஷ்பமேரி அத்தையின் இலை காலியாக இருந்தது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் செல்லி ஓடிவந்தாள். "ராஜமேரி, நல்லம்பள்ளியிலிருந்து ஆள் வந்திருக்குது. உங்க அத்த வாசல்ல வழுக்கி வுழுந்து போயிட்டாங்களாம். ஒரு சொட்டு மழ இல்லாத ஊருல, எப்படித்தான் வழுக்குச்சோ!"

அடக்கம் முடிந்து வந்ததும் கேசட்டைப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே சவரிமுத்துவின் கல்யாணக் கோட்டை மடித்து வைத்துப் பூட்டினாள். மாதாவே, இனிமேல் தொட மாட்டேன் என்றாள்.

ஆனால் சவரிமுத்து பெங்களூருக்குக் கேசட் எடுக்கப் போன அன்று மத்தியானம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டம் போட்ட சட்டையில் போனவன், பொழுது சாய வந்துவிடுவேன் என்றிருந்தான். ஓசூர் ரோட்டில் லாரிகள் போகிற போக்கை நினைத்தாள். ஒரே ஒரு தடவை. அவன் இலையை மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடலாம். பெட்டியைத் திறந்தாள். கோட்டில் பூச்சி உருண்டை வாசனை அடித்தது. அதை ஒதுக்கிவிட்டுக் கேசட்டை எடுத்தாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஊட்டிவிடுகிற இடம். பட்டுச்சேலையில் அவள் உட்கார்ந்திருந்தாள், கையில் ஜிலேபி. வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

எதிரில் யாரும் இல்லை.

வெறும் காற்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, என் சாமி!" முன்னால் ஓட்டினாள். மழை. மேஜை. அப்பா. அத்தை. அத்தைக்குப் பக்கத்தில், கல்யாணக் கோட்டில், சவரிமுத்து. அவன் கையில் கரண்டி இருந்தது. இன்னும் வாய்க்குப் போகவில்லை.

மேஜையே இல்லாவிட்டால் எங்கே உட்கார்வான்? அதுதான் அவளுக்குத் தோன்றியது. படத்தை அழித்துவிட ஆன்டெனா வயரைப் பிடுங்கினாள். அவன் செய்வதைப் பார்த்துப் பழகியதுதான். சிவப்புப் பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து அமுக்கினாள். திரையெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. கேசட் கடைசிவரை ஓடி, டக்கென்று நின்றது.

பின்னால் ஓட்டிப் போட்டாள். பந்தியில் சவரிமுத்து ஜிலேபியை வாயில் வாங்கிக்கொண்டான். அப்பா நிமிர்ந்து சிரித்தார். அத்தை அப்பளம் நொறுக்கினாள். படம் இருந்த இடத்தில் வெறும் புள்ளிகள். ராஜமேரி டிவியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

பொழுது சாய்ந்தது. கதவு தட்டும் சத்தம்.

"ராஜமேரி."

அவன் குரல்தான். ஓடிப்போய்த் திறந்தாள்.

கல்யாணக் கோட்டு. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தெருவில் புழுதி காய்ந்து கிடந்தது.

"ஏங்க... அந்தக் கோட்டு..."

"விருந்தாளிங்க வந்திருக்காங்க புள்ள. உக்காந்து சாப்பிட எடமில்லாம நிக்கறாங்க, பாவம்." முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னான்.

எங்கேயோ ஒரு கூட்டம் ஹோவென்று சிரித்தது.

அவன் பின்னால் கறுப்புத் தொப்பிகள். ஒவ்வொருவராகக் குனிந்து வணங்கி, பூட்ஸ் சேற்றை வாசலில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். சேற்று வாடை. பிறகு அத்தை வந்தாள். பிறகு அப்பா. அவளை யாரும் விசாரிக்கவில்லை. வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எல போடு" என்றான் சவரிமுத்து.

போட்டாள். சோறு வைத்தாள். சோற்றின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அண்ணாந்து பார்த்தாள்.

ஓடு இல்லை. விட்டம் இல்லை. கறுத்த வானம்.

மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். சவரிமுத்து தன் பக்கத்தில் காலியாக இருந்த இலையைத் தட்டிக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். உள்ளே மழைத்தண்ணீர் ததும்பியது. ராஜமேரியின் கை தானாக இலைக்குப் போயிற்று. பிசைந்தது. உருட்டியது. நீட்டியது.

அப்போது எல்லாரும் ஒன்றாகத் தலையை நிமிர்த்தி, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

அவள் திரும்பினாள். முகத்தில் பளீரென்று வீடியோக்காரரின் லைட் அடித்தது.