நுனியில் ஒரு குமிழ்

மாதம் ஒருமுறை செவ்வாய்க் குடியிருப்புக்குப் பூமியிலிருந்து பூச்சிகள் தூங்கிக்கொண்டே வந்து இறங்கும். தோட்டக் கூடாரத்தின் வாசலில் அவற்றை எழுப்பி, வண்ணத்துப்பூச்சிகளை உள்ளே விட்டு, கூடவே கலந்து வந்த பகல்நேர அந்துப்பூச்சிகளை எரிகலத்துக்கு அனுப்புவது சௌந்தரவல்லியின் வேலை. இருபது வருட அனுபவம். அதை அவள் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

உதவிக்குப் புதிதாக ஒரு 'பிரிப்பான்' வந்திருந்தது. ஆள் செய்வதைப் பார்த்துப் பழகிக் கற்றுக்கொள்ளும் எந்திரம். முதல் வாரம் அது உணர்கொம்புகளையும் கவனித்தது.

"நுனியில குமிழ் இருக்கு அக்கா. இது வண்ணத்துப்பூச்சியா இருக்குமோ?" என்றது, ஒரு குட்டிப் பழுப்புப் பூச்சியைக் காட்டி.

"மூஞ்சியப் பாரு, கரித்துணி மாதிரி. வண்ணத்துப்பூச்சின்னா ஒரு கலர் வேணாமா? தள்ளு அதை."

அடுத்தது நீலமும் சிவப்புமாக மினுங்கியது. அதன் கொம்பு சீப்புப் பல்லைப்போலக் கிளைத்திருந்தது; அந்துப்பூச்சியின் அடையாளம் அது. எந்திரம் வாய் திறப்பதற்குள் சௌந்தரவல்லி அதை உள்ளே விட்டுவிட்டாள். அதற்கப்புறம் எந்திரம் கேள்வி கேட்கவே இல்லை. அவளும் வேலையை அதன் தலையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள்.

ஆறாம் மாதம் மொச்சை பூத்துக் குலுங்கியது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. மினுங்கல் பூச்சிகளின் புழுக்கள் இலையைத் தின்று தீர்த்தன. குடியிருப்பின் நானூறு பேருக்கும் சாப்பாடு பாதியானது. விசாரணைக்குப் பக்கத்துக் கூடாரத்திலிருந்து செண்பகம் என்ற இளம் பூச்சியியலாளர் வந்தாள். எரிகலத்தைக் கிளறி, கருகாமல் தப்பிய கொம்புகளைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒவ்வொன்றின் நுனியிலும் குமிழ். மொச்சைக்கு மகரந்தம் சேர்க்க வந்த மங்கல் நிறப் பூச்சிகள் அத்தனையும் சாம்பலாகியிருந்தன.

"எந்திரக் கோளாறும்மா. நான் ஒண்ணும் சொல்லித்தரல," என்றாள் சௌந்தரவல்லி. தப்பு அவளுடையது என்றானால் அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். மகன் இங்கே தனியாக நிற்பான். ஆனாலும் பொய் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது.

செண்பகம் எந்திரத்தின் பக்கம் திரும்பினாள். "மங்கல் நிறம்னா தள்ளணும்னு எங்க கத்துக்கிட்ட?"

"பூச்சி வர்றதுக்கு முன்னாடியேங்க. என்னை மாட்டின அன்னைக்கு அக்கா என் திரையில மகனுக்குப் பொண்ணு பாத்தாங்க. நாப்பத்தொரு படம். படிப்பு, வேலை எதையும் திறக்கல. கலர் கம்மின்னு இருபத்தெட்டைத் தள்ளினாங்க. அப்புறம் பூச்சியிலயும் அப்படியேதான் தள்ளினாங்க. நானும் பழகிட்டேன்."

சௌந்தரவல்லிக்குப் பொய் அகப்பட்டதுகூட அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. தன்னுடைய கருத்த கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

செண்பகம் எந்திரத்தின் திரையில் அந்தப் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அறிக்கையை மூடி வைத்தாள்.

"நீங்க தள்ளின பதினாறாவது படம் நான்தான் அத்தை," என்றாள். "மொச்சைக்கு எந்தப் பூச்சி வேணும்னு என் வேலையப் பத்தி அதுல விவரமா எழுதியிருந்தேன். திறந்து ஒரு வரி படிச்சிருந்தீங்கன்னா, காயாவது பிடிச்சிருக்கும்."